ஏழாவது ஓரா

ஓரா மீன்களை எண்ணி முடிக்காமல் பெரிய தொட்டியில் யாரும் பாறைமேல் கை வைக்கக் கூடாது. மீன் காட்சியகத்தின் சுவரில் ஒட்டியிருந்த பதினாறு விதிகளில் இது கிடையாது. அக்கா போட்ட விதி. அதைக் காப்பாற்ற வேண்டியது தங்கையின் வேலை.

அக்கா தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வாள். தங்கை கீழே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பு மேலே ஒருவர் இருந்தார். அக்காவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டியின் வாயில் உட்கார்ந்திருப்பார். கயிற்றுக்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் மேலாளர் அவரை நுழைவாயிலில் சீட்டு கிழிக்க மாற்றிவிட்டார். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு ஆளா என்று கேட்டாராம். அன்றிலிருந்து கயிற்றின் மறுமுனை கம்பியில் கட்டிக் கிடக்கிறது.

ஓரா உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு மீன். நல்ல மஞ்சள். முயலுக்கு இருப்பது போலச் சின்ன வாய், எதையோ மென்றுகொண்டே இருக்கும். பாறையில் படியும் பாசிதான் சாப்பாடு. அது போதாதென்று காலையில் ஒரு கட்டுக் கீரையைக் கவ்வியில் மாட்டித் தொங்கவிடுவார்கள். இன்னொரு மீனைக் கடித்தது என்று யாரும் சொன்னதில்லை. வருகிற குழந்தைகளிடம் தங்கை, "இது சைவம்" என்று சொல்லுவாள். சிரிப்பார்கள். "ஆனா தொட்டா விடாது" என்பாள். அப்போதும் சிரிப்பார்கள்.

முதுகில் பதின்மூன்று முள். வாலுக்கு முன்னால் அடியில் ஏழு. வயிற்றுத் துடுப்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. இருபத்து நான்கிலும் விஷம். தேடி வந்து குத்தாது. பயந்தால் முள்ளை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும், நம் கைதான் போய்ப் படவேண்டும். குத்தினால் இரண்டு மூன்று மணி நேரம் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் குறையும். கயிற்றுக்காரரை இரண்டு முறை குத்தியிருக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்.

அக்காவை எட்டு மாதத்துக்கு முன் ஒருமுறைதான் குத்தியது. ஒன்னுமில்ல, லேசா பட்டுச்சு என்று சொல்லிக்கொண்டேதான் மேலே வந்தாள். வெந்நீரில் கையை வைத்தாள். ஏழாவது நிமிடமோ எட்டாவது நிமிடமோ தொண்டையைச் செருமினாள். மறுபடி செருமினாள். அப்புறம் உதடு தடித்தது. ஆட்டோவில் தங்கையின் தோளில் சாய்ந்திருந்தவளின் மூச்சு, பூட்டிய கதவின் இடுக்கில் காற்று நுழைவதைப் போலச் சத்தம் போட்டது.

உங்கள் உடம்புக்கு இந்த விஷம் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த முறை இதைவிட மோசமாகலாம் என்றார் மருத்துவர். ஒரு ஊசி தந்தார். பேனாவைப் போல இருந்தது. தொடையின் வெளிப்பக்கத்தில், துணிக்கு மேலேயே குத்தி, பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். தங்கையை இரண்டு முறை செய்துகாட்டச் சொன்னார். ஊசி இல்லாத வெறும் குழாயில் செய்துகாட்டினாள்.

அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள், கயிற்றுக்காரரும் வாய் திறக்கவில்லை. அத்தானிடமும் காய்ச்சல்தான். வேறு வேலை பார் என்று தங்கை மன்றாடினாள். தொட்டியில் இறங்கமாட்டேன் என்று சொன்னால் தனக்கு அங்கே என்ன வேலை, வாசலில் சீட்டு கிழிப்பதா என்று அக்கா கேட்டாள். அப்புறம் உண்மையான காரணத்தையும் சொன்னாள். "வெளிய எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்கடி. உள்ள ஒருத்தரும் பேசறதில்ல."

அதனால்தான் எண்ணும் விதி.

தொட்டியில் ஓராக்கள் எட்டு இருந்தன. நான்கு ஜோடி. பாறை இடுக்கில் ஒன்று தலையை விட்டுப் பாசி கொறிக்கும்போது அதன் ஜோடி வெளியே தலையைத் தூக்கிக் காவல் நிற்கும். இடுக்குக்குள் தலையை விட்ட மீனுக்குப் பின்னால் வருவது தெரியாது அல்லவா, அதற்காக. கொஞ்ச நேரத்தில் முறை மாற்றிக்கொள்ளும். ஒரு ஜோடி எப்போதும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கும். அதற்கு மாமியார் மருமகள் என்று அக்கா பெயர் வைத்திருந்தாள்.

போன வாரம் ஒன்று செத்து மிதந்தது. செத்த பிறகும் முள்ளில் விஷம் இருக்கும் என்பதால் இடுக்கியால்தான் எடுத்தார்கள். மீதி ஏழு. ஜோடி இழந்ததற்குத் தனிக்கட்டை என்று பெயர் வந்தது. காவல் நிற்க ஆள் இல்லாததால் அது வெளியே வருவதே குறைந்துவிட்டது. கீரைக்குக்கூட வருவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தங்கைக்கு என்னவோ போல இருந்தது.

அன்று காலை விளக்கு தாமதமாக எரிந்தது. எட்டு மணிக்குத் தானாக எரியவேண்டிய விளக்கு ஒன்பதுக்கு, அதுவும் பொத்தானை நாலு முறை தட்டிய பிறகு எரிந்தது. இது சின்ன விஷயம் இல்லை. இருட்டில் ஓரா மஞ்சளாக இருக்காது. பழுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக மாறி, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்ளும். முள் விரிந்தே இருக்கும். பயந்தாலும் அதே நிறம். வெளிச்சம் வந்த பிறகு பழைய நிறத்துக்கு வர நேரம் பிடிக்கும். அதனால் விளக்கு எரிந்து அரைமணி கழித்துத்தான் எண்ணுவார்கள்.

அரைமணி கிடைக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடமே வருகிறது என்று மேலாளர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். பம்பின் வாயை மூடியிருந்த வலைமூடி கழன்று பாறை இடுக்கில் விழுந்து கிடந்தது. சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகப் பம்பின் வாயில் வால் சிக்கி உதறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வந்து பார்க்கிற காட்சியா இது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

ரப்பர் சட்டையை மாட்டிக்கொண்டே அக்கா கீழே எட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எப்போதும் பழைய பருத்திப் பேன்ட்தான் போட்டுக்கொள்வாள்.

"எண்ணிட்டியா?"

"நாலு தெரியுது. இரு."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற. சீக்கிரம்டி."

தொட்டி கூடத்தின் மூலையில் இருந்தது. முன்பக்கம் ஒரு கண்ணாடி, வலப்பக்கம் ஒரு கண்ணாடி, இரண்டும் சேரும் இடத்தில் கனமான ஒட்டு. தங்கை முன்பக்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டே மூலைக்கு வந்தாள். மாமியாரும் மருமகளும் கீரைக் கவ்வியின் கீழே. இன்னொரு ஜோடி மணலுக்கு மேலே. மூலையில் மூன்றாவது ஜோடி. அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னொன்று.

ஏழு.

தனிக்கட்டையை அந்த ஜோடி சேர்த்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தாள். அப்பாடா என்றிருந்தது. மீனுக்காகவா அக்காவுக்காகவா என்று பிரித்துப் பார்க்கவில்லை. விரித்த கையைக் கண்ணாடியில் வைத்தாள். எல்லாம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

மூச்சுக்கான வாய்க்குழாயைக் கவ்விக்கொண்டு அக்கா குதித்தாள். குமிழிகளுக்கு நடுவே ஒருமுறை திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். கை இருந்தது. திரும்பிக்கொண்டு பாறையை நோக்கிப் போனாள்.

பம்பு தொட்டியின் பின்சுவரில் இருந்தது. வலைமூடி விழுந்த இடுக்கு அதற்கு நேர் கீழே. அக்கா தலைகீழாகி, இடக்கையால் பாறையைப் பிடித்து, தலையையும் வலக்கையையும் உள்ளே விட்டாள். இரண்டு கால்களும் மேலே மெல்ல ஆடின. கண்ணாடியிலிருந்து பார்த்தால் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அப்போது மூலையில் இருந்த ஜோடியில் ஒன்று திரும்பியது.

பக்கத்தில் தனியாக நின்றதும் திரும்பியது. அதே நொடியில், அதே அளவு.

தங்கை அதைப் பார்த்தாள். பார்த்தது புரிவதற்குள் ஜோடி மூலையை விட்டு உள்ளே நகர்ந்தது. ஒட்டின் விளிம்பில் தனி மீனின் வால் போயிற்று, உடம்பு போயிற்று, தலை போயிற்று. கத்தியால் நறுக்கி எடுத்ததைப் போல. தொட்டிக்குள் அது எங்கும் போகவில்லை. அங்கே ஜோடி மட்டும்தான் நீந்திக்கொண்டிருந்தது.

மூலையில் நின்று எண்ணக் கூடாது. ஒரே மீன் இரண்டு கண்ணாடி வழியாகவும் தெரியும், ஒன்று இரண்டாகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அக்கா சொல்லிக்கொடுத்தது. புதிதாக வருகிற குழந்தைகளுக்கு வேடிக்கையாகத் தங்கையே காட்டியிருக்கிறாள். இன்று மறந்துபோயிற்று என்றும் சொல்ல முடியாது. ஏழு வேண்டும் என்று பார்த்தாள், ஏழு இருந்தது.

ஆறுதான். ஏழாவது எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கே இருக்கும் என்று தெரிந்தது. காவலுக்கு ஆள் இல்லாத மீன், விளக்கு எரிந்து இருபது நிமிடம்கூட ஆகாத நேரத்தில், இருட்டாக இருக்கிற இடத்தில்தான் இருக்கும். அக்காவின் தலைக்குப் பக்கத்தில்.

கையை ஓங்கினாள். கண்ணாடியைத் தட்டவில்லை. தட்டினால் தண்ணீருக்குள் அது இடியாகக் கேட்கும். அக்கா பதறி உதறுவாள். இடுக்கில் இருப்பது இன்னும் பயந்து முள்ளை நட்டுக்கொள்ளும். ஓங்கிய கையைக் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தி, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கண்ணாடியை விட்டு நகரக் கூடாது என்பது இன்னொரு விதி. நகர்ந்தால் அக்காவைப் பார்க்க ஆள் இல்லை. நகராவிட்டால் கயிறு மேலே இருக்கிறது.

ஓடினாள்.

இருபத்து இரண்டு இரும்புப் படி. ஏறும்போது தொட்டி தெரியாது, சுவர்தான். செருப்பு ஒன்று கழன்று விழுந்து கீழே போய்க்கொண்டே சத்தம் போட்டது. பதினோராவது படியில் திரும்பிப்போய்ப் பார்க்கலாமா என்று கால் தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

மேலே கம்பியில் கயிறு இருந்தது. மூன்று இழுப்பு என்றால், இருப்பதைப் போட்டுவிட்டு வா. கயிற்றுக்காரர் எப்படி இழுப்பார் என்று நினைவுக்குக் கொண்டுவந்தாள். பதறாமல், அளந்து இழுப்பார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பதில் இல்லை. கயிறு விறைப்பாகவே இருந்தது. தண்ணீர் தளும்பி ஆடியதில் கீழே கறுப்பாக ஏதோ நெளிந்தது, அவ்வளவுதான். இன்னொரு முறை இழுக்கலாமா என்று கை போனது. இழுக்கிற இழுப்பில் அக்காவின் கை போய் முள்ளில் பட்டால்? கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் கயிறு தளர்ந்தது. குமிழிகள் வந்தன. அக்காவின் தலை வந்தது.

இடக்கையில் வலைமூடி இருந்தது.

"எதுக்குடி இழுத்த?" அக்கா வாய்க்குழாயைத் துப்பிவிட்டு மூடியைத் தரையில் எறிந்தாள். "எடுத்துட்டேன், பாரு."

"கையக் காட்டு."

"ஒன்னுமில்ல."

"அந்தக் கைய."

அக்கா படியைப் பிடித்து ஏறினாள். இடக்கையால் பிடித்து ஏறினாள். வலக்கை இடுப்போடு ஒட்டியிருந்தது. முகம் வேண்டுமென்றே சாதாரணமாக இருந்தது. அந்தச் சாதாரணத்தைத் தங்கைக்குத் தெரியும். சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது இருந்த முகம்.

கையுறையைத் தங்கையே உரித்தாள். மோதிர விரலுக்குக் கீழே இரண்டு புள்ளி. சுற்றிலும் வெளுத்து, அதைச் சுற்றிச் சிவக்க ஆரம்பித்திருந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபத்தொன்று காட்டியது.

ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எப்போதும் இருக்கும். பக்கெட்டில் ஊற்றி, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, அக்காவின் கையை உள்ளே அழுத்தினாள். அக்கா பல்லைக் கடித்தாள். வலி முழங்கை வரை ஏறுகிறது என்று மட்டும் சொன்னாள். ஆணியிலிருந்து அக்காவின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் தங்கை. சாப்பாட்டு டப்பாவுக்கும் சீப்புக்கும் கீழே ஊசி இருந்தது.

"அத உள்ள வை" என்றாள் அக்கா.

ஊசி போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முடியாது. போனால் அலுவலகத்துக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியும், எட்டு மாதப் பொய்யும் தெரியும், நாளைக்குத் தொட்டி இல்லை. இதையெல்லாம் அக்கா வாயால் சொல்லவில்லை. போன முறை உடம்பு பலவீனமாக இருந்தது, எல்லா முறையும் அப்படி ஆகுமா என்றாள். வெறும் வலிதான், கயிற்றுக்காரர் மாதிரி நானும் நாலு கெட்ட வார்த்தை பேசினால் சரியாகும் என்றாள். ஒன்று பேசியும் காட்டினாள். தங்கை சிரிக்கவில்லை.

ஒன்பது இருபத்து நாலு.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றாள் தங்கை. "மூலையில நின்னு எண்ணினேன். ஆறுதான்."

அக்கா பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இழுத்ததுலதான் பட்டுச்சா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே."

உண்மையாக இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். பிறர் நோகாமல் பொய் சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

"கண்ணு மட்டும் தெரிஞ்சுது" என்றாள் அக்கா. "பாறைன்னுதான் நெனச்சேன். பாறைக்குக் கண்ணு இருந்துச்சு."

ஒன்பது இருபத்தாறு. இருபத்தேழு. கீழே மேலாளர் யாருடனோ நாற்காலி நகர்த்துவதைப் பற்றிப் பேசுவது கேட்டது. பம்பு ஓடியது. அக்காவின் உதடுகளைத் தங்கை பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் இருந்து வந்த உதடு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கழுத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது. அப்பாடா.

அந்த அப்பாடாவை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் மூலைக் கண்ணாடியின் முன்னால் வந்த அதே அப்பாடா.

அக்கா செருமினாள்.

"என்ன?"

"தண்ணி உள்ள போயிருச்சு. உப்பு."

மறுபடி செருமினாள்.

இடக்கை தானாகக் கழுத்துக்குப் போய், பாதியில் தன்னைக் கண்டுகொண்டதைப் போல மடியில் இறங்கியது. தங்கை ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

"வேணாம்டி. இரு. இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்."

குரல் தடித்திருந்தது. கொஞ்சம்தான். தெரியாதவர்களுக்குத் தெரியாது.

"பாத்தாச்சு" என்றாள் தங்கை.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலம் இருந்தது. தங்கை எழுந்து, முழங்காலால் அக்காவின் காலை அழுத்தி, பிடித்த கையோடு சேர்த்தே ஊசியைத் தொடையில் இறக்கினாள். ஈரத் துணிக்குள் சொடக்கென்று ஒரு சத்தம். பத்து எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ணினாள். ஆறில் குரல் உடைந்தது, ஏழிலிருந்து உதடு மட்டும் அசைந்தது. கையை எடுக்கவில்லை. எட்டில் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

அப்புறம்தான் கத்தினாள். கயிற்றுக்காரரைப் பெயர் சொல்லிக் கத்தினாள். அத்தனை வருடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் இருந்து, கிழித்த சீட்டுகளைக் கையில் பிடித்தபடியே, இருபத்து இரண்டு படியையும் அவர் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. பின்னால் மேலாளர் ஃபோனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். ஓரா குத்திவிட்டது, முன்பும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது, மறைத்துவிட்டோம், இன்றைக்கு நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று தங்கை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மேலாளர் எந்தப் பக்கம் கோபப்படுவது என்று தெரியாமல் கயிற்றைப் பார்த்தார். கம்பியில் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

உதடு தடித்தது. மூச்சு அந்தச் சத்தத்தைப் போட ஆரம்பித்தது. போன முறை போல அந்த இறுக்கம் கூடிக்கொண்டே போகவில்லை. ஒரு அளவில் நின்றது. நின்றதா, நிற்கிற மாதிரி தெரிகிறதா என்று தங்கையால் சொல்ல முடியவில்லை.

ஆம்புலன்ஸ் ஆட்களும் வந்து நாலு பேராகத் தூக்கிக் கீழே இறக்கினார்கள். தொட்டியைக் கடந்துதான் போகவேண்டும். தங்கை பார்க்க நினைக்கவில்லை, பார்த்தாள். பின்சுவரில் பம்புக்குக் கீழே, அழுக்குத் திட்டு ஒன்று பாறையிலிருந்து பிரிந்து வந்துகொண்டிருந்தது. முள் இன்னும் விரிந்திருந்தது. பழுப்பு முதுகில் அங்கங்கே மஞ்சள் கசிந்தது. ஒரு முழம் வந்தது, திரும்பி இடுக்குக்குள் போய்விட்டது.

ஆம்புலன்ஸில் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். செவிலியர் இரண்டாவது ஊசியைத் தயாராக எடுத்து வைத்தார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிச் சொல்ல முடியுமா, நான் ஊசியைப் பிடித்திருக்கிறேன் என்று தங்கையிடம் கேட்டார்.

அக்கா கண்ணைத் திறந்து முகமூடிக்குள் ஏதோ சொன்னாள். தங்கை குனிந்தாள்.

"மூலையில நிக்காத."

தங்கை அக்காவின் மார்பில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கை மேலே எழுந்து தாழ்ந்தது. ஒன்று. அடுத்தது வருவதற்குள் வெகுநேரம் ஆனது. வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்காமல், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.